தேளும் வேட்டைக்காரனும் ஒரே வானத்துல

வணக்கம் சார். விருச்சிகம் பத்தி நீங்க எழுதினப்போ வேட்டைக்காரன் ஓரியனும் தேளும் ஒரே நேரத்துல வானத்துல இருக்கவே இருக்காதுன்னு சொல்லியிருந்தீங்க. மே முதல் வாரம், ராத்திரி எட்டரை மணி இருக்கும், மேற்கே ஓரியனோட திருவாதிரை இன்னும் இறங்கல, திரும்பிப் பார்த்தா தென்கிழக்குல தேளோட கேட்டை எழும்பியாச்சு. நான் இருக்கறது பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில. ஆப்ல செக் பண்ணேன், அதேதான். கதை தப்பா, என் கண்ணு தப்பா? இன்னொண்ணு, துலாம் நட்சத்திரங்களுக்கு அரபில தேளோட இடுக்கின்னு பேர் இருக்காமே, ஏன்?

— ஒரு வாசகர்

வணக்கம். உங்க கண்ணுல ஒரு தப்பும் இல்ல, தப்பு நான் எழுதின அந்த "இருக்கவே இருக்காது"லதான், அதை மாத்திடறேன்.

கதை இதுதான். ஓரியன் பெரிய வேட்டைக்காரன், பூமியில இருக்கற மிருகம் அத்தனையையும் கொன்னுடுவேன்னு வீம்பு பேசினான், பூமித்தாய் காயாவுக்குக் கோவம் வந்து ஒரு தேளை அனுப்பினா, அது கொட்டி செத்தான், ரெண்டு பேரையும் வானத்துல எதிரெதிர் பக்கமா வச்சாங்க. அதனால தேள் கிழக்கே தலை தூக்கினா ஓரியன் மேற்கே ஓடி ஒளிஞ்சுக்குவான். இது யாரோ தினமும் வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்ன கதை, ஆனா அவங்க நின்னு பார்த்தது நீங்க நிக்கற இடத்துல இல்ல.

கிரேக்கத்துல, அதாவது கிட்டத்தட்ட 38 டிகிரி வடக்குல, கேட்டை ரொம்பத் தெற்கே இருக்கறதால லேட்டாதான் எழும்பும். இன்னைக்கு அங்க நின்னு பார்த்தாலும் ஓரியனோட இடுப்புப் பட்டையில இருக்கற மூணு நட்சத்திரமும் மறைஞ்ச பிறகுதான் கேட்டை வெளிய வரும், தோள்பட்டையில இருக்கற திருவாதிரை மட்டும் இன்னும் கால் மணி நேரம் அடிவானத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பத்து டிகிரிக்கு இறங்கி வந்துட்டீங்கன்னா தெற்கு வானம் மேல ஏறிடுது, கேட்டை சீக்கிரமே எழும்பிடுது. அப்ப கேட்டை எழும்பினதுக்கும் திருவாதிரை மறையறதுக்கும் நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேலயே கிடைக்கும், நீங்க பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். பூமத்திய ரேகையை நோக்கிப் போகப் போக அது இன்னும் கூடும். மறுபக்கம் அப்படி இல்ல, கேட்டை மேற்கே மறைஞ்சு ஒண்ணரை மணி நேரம் போல ஆன பிறகுதான் உங்க ஊர் வானத்துல திருவாதிரை கிழக்கே வரும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சீனக் கதை. அங்க தேள் கிடையாது. கேட்டைக்கு ஷாங்னு பேர், ஓரியன் பட்டைக்கு ஷென்னு பேர், ரெண்டும் ஓயாம சண்டை போட்ட அண்ணன் தம்பி, அரசன் சலிச்சுப்போய் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே முடியாத மாதிரி ரெண்டு திசைக்கு அனுப்பிட்டாராம். பிரிஞ்சு போய்ப் பார்க்கவே முடியாத ரெண்டு பேரை இன்னைக்கும் ஷென் ஷாங் மாதிரின்னு சொல்றாங்க. கிரேக்கத்துல பகைன்னு சொன்னதும் அங்க பிரிவுன்னு சொன்னதும் அதே வானத்தைப் பார்த்துத்தான், ஏன்னா ரெண்டு பேருமே வடக்கே தள்ளி இருக்கறவங்க. பசிபிக் தீவுக்காரங்க அதே தேள் வாலை அவங்க கதையில வர்ற வீரன் மாவுயி தூக்கின தூண்டில் கொக்கின்னு சொல்றாங்க, ஒருதடவை அப்படிப் பார்த்துட்டா அப்புறம் தேள் தெரியறது கஷ்டம், அவ்வளவு அச்சா இருக்கும்.

இடுக்கி விஷயத்துக்கு வரேன். (நம்ம பேச்சுல தேள் கொடுக்குன்னா வால் முனைதான், முன்னாடி இருக்கறது இடுக்கி, நீங்க சரியா எழுதியிருக்கீங்க.) கிரேக்கர்களுக்கு துலாம்னு தனியா ஒண்ணு இல்ல, அந்த இடத்தை தேளோட இடுக்கிகள்னே சொன்னாங்க, தராசா அது நிலைச்சது ரோமானியர் காலத்துல. ஆனா அரபில அந்தப் பழைய பேர் அப்படியே தங்கிடுச்சு. சுபென் எல்ஜெனுபின்னா தெற்கு இடுக்கி, சுபென் எஸ்ஸமாலின்னா வடக்கு இடுக்கி. நாம விசாகம்னு சொல்றதுல இந்த ரெண்டும் வரும். அதாவது பழைய தேள் இப்ப நாம பார்க்கறதைவிட ரொம்பப் பெருசு, விசாகத்துல கை நீட்டி, அனுஷத்துல நெத்தி, கேட்டையில இதயம், மூலத்துல கொடுக்கு. கேட்டைக்கு அரபில கல்ப் அல் அக்ரப், தேளோட இதயம்னே பேர். கிரேக்கத்துல அன்டாரிஸ், செவ்வாய்க்குப் போட்டின்னு அர்த்தம், செவ்வாய் கிட்ட வந்து நிக்கும்போது பார்த்தீங்கன்னா ஏன்னு புரியும், ரெண்டும் ஒரே சிவப்பு, மினுக்கறதை வச்சுதான் இது நட்சத்திரம்னு சொல்ல முடியும். மூலத்துல பளிச்னு இருக்கற ஷௌலாவுக்கு தூக்கின வால்னு அர்த்தம்.

ஆப்ல செக் பண்ணேன்னு எழுதியிருக்கீங்க, தப்பில்ல, ஆனா முதல்ல கண்ணையே நம்புங்க. தேளோட நெத்தியில நடுவுல இருக்கே ஜுப்பாங்கற நட்சத்திரம், அது 2000ல திடீர்னு வழக்கத்தைவிட பிரகாசமாச்சு, அதை முதல்ல கவனிச்சது அர்ஜென்டினாவுல செபாஸ்டியன் ஓட்டெரோன்னு ஒரு அமெச்சூர், வெறும் கண்ணால. பக்கத்து நட்சத்திரங்களோட ஒப்பிட்டுப் பார்த்துப் பழகினவருக்கு அது உடனே உறுத்தியிருக்கு.

அடுத்த மே மாசம் மறுபடி பாருங்க. இந்த தடவை திருவாதிரையை விட்டுட்டு பட்டையில இருக்கற மூணு நட்சத்திரத்தையும் பாருங்க, அதுவும் கேட்டையும் சேர்ந்து தெரியறது முக்கால் மணி நேரம் இருக்கும், ரெண்டு பக்கமும் அடிவானம் சுத்தமா இருக்கற இடமா பார்த்து நில்லுங்க. எத்தனை நிமிஷம் கிடைச்சதுன்னு எனக்கு எழுதுங்க.