பி.எஸ்.ஏ 5.8 என்று வந்திருக்கிறது, அப்பாவுக்குப் புற்றுநோயா?

அப்பாவுக்கு 63 வயது, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, ஹெல்த் செக்கப் பாக்கேஜில் பி.எஸ்.ஏ 5.8 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது, உடனே பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டுமா, இந்த டெஸ்டை எடுக்காமலே இருந்திருக்கலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனை லேபில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த எண்ணைப் பார்த்துப் பதறிப் போகிறவர்களையும், பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்து மறந்துவிடுகிறவர்களையும் நிறைய பார்த்திருக்கிறேன். இரண்டுமே வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பி.எஸ்.ஏ என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி உண்டாக்குகிற ஒரு புரதம். விந்து கட்டியாக இல்லாமல் இளகியிருக்க உதவுவது அதன் வேலை. அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். புற்றுநோய் இருந்தால் கசிவு கூடும். வயதாகிச் சுரப்பி பெருத்தாலும், அதில் கிருமித்தொற்று வந்தாலும் கூடத்தான் செய்யும். 4-லிருந்து 10-க்குள் வருகிறவர்களுக்குப் பயாப்சி எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. 5.8 இந்த இடைவெளியில்தான் வருகிறது. ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அப்பாவுக்கு நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இந்த ரத்தத்தை எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. பாக்கேஜ் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை, அதுதான் என் பெரிய ஆதங்கம். சமீபத்தில் நீர்க்கடுப்பு வந்ததா? யூரின் போக டியூப் போட்டிருந்தார்களா? முந்தின இரண்டு நாளில் தாம்பத்திய உறவு இருந்ததா, நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டினாரா? இவை எல்லாமே எண்ணை ஏற்றிவிடக்கூடியவை. தொற்று இருந்திருந்தால் அது குணமாகி ஆறு வாரமாவது போன பிறகு எடுக்கிற ரத்தம்தான் நம்பிக்கையானது.

குறைவான எண்ணும் ஏமாற்றும். ஒரு பெரியவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “3.2 தானே தம்பி, நார்மல்தானே?” என்று கேட்டார். அவர் கையில் மஞ்சள் பை. அதற்குள் சர்க்கரை மாத்திரையோடு இன்னொரு அட்டையும் இருந்தது, யூரின் சிரமத்துக்கு வருடக்கணக்கில் சாப்பிடுவதாம். திருப்பிப் பார்த்தால் டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த மருந்து. டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு இரண்டும் ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடும்போது பி.எஸ்.ஏ-வை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவருடைய 3.2 உண்மையில் 6.4. “ஐயா, இந்த அட்டையை அப்படியே யூராலஜி டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் அப்பாவின் மாத்திரைகளையும் இன்றே எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், எண் 4-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் பயாப்சி எடுத்தபோது 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. 4 வரை நார்மல் என்பது பேச வசதியாகப் போட்ட கோடு, அவ்வளவுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? சில வாரம் கழித்து, அதே லேபில், இன்னொரு முறை எடுங்கள். லேபுக்கு லேப் கருவியும் ரசாயனமும் வேறாக இருக்கும், எண்ணும் கொஞ்சம் மாறும். மறுபடியும் அதிகமாகவே இருந்தால் யூராலஜி டாக்டர் ஆசனவாய் வழியாக விரலை விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். அப்பாக்கள் இதற்குத்தான் ரொம்பக் கூச்சப்படுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் எம்.ஆர்.ஐ. முன்பெல்லாம் எண் ஏறியிருந்தால் நேரே பயாப்சிதான், அதுவும் எங்கே குத்துகிறோம் என்று குறியில்லாமல் பன்னிரண்டு இடத்தில் குத்தி எடுப்பார்கள். இப்போது முதலில் எம்.ஆர்.ஐ எடுத்து, சந்தேகத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். 1, 2 என்று வந்தால் பலருக்குப் பயாப்சியைத் தள்ளிப்போட முடிகிறது. 4, 5 என்றால் அந்த இடத்தையே குறிவைத்து எடுக்கலாம். ஆசனவாய் வழியாக எடுப்பதைவிட விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக எடுத்தால் கிருமித்தொற்று ஆபத்து குறைவு. அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும், அடுத்து கிளீசன் மதிப்பெண்ணைக் கேளுங்கள், நோய் எவ்வளவு தீவிரமானது என்று பயாப்சியைப் பார்த்துப் போடுகிற எண் அது, கூடக் கூடத் தீவிரம். 6 என்றால் பெரும்பாலும் மிக மெதுவாக வளரும் வகை. ஆபரேஷன், கதிர்வீச்சு எதுவும் இல்லாமல் பி.எஸ்.ஏ, எம்.ஆர்.ஐ, பயாப்சி என்று விடாமல் கண்காணித்தே வரலாம். பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பார்த்தார்கள். மூன்றிலுமே இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீதம் அளவுக்குத்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறகு சிகிச்சைக்குப் போனார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவசரப்பட்டு ஆபரேஷன் செய்துகொண்டு, யூரின் கசிவோடும் ஆண்மைக் குறைவோடும் அவதிப்படுவதற்கு முன்னால் யோசிக்க அவகாசம் இருக்கிறது.

எடுக்காமலே இருந்திருக்கலாமோ என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் டாக்டர்களுக்குள்ளேயே நீண்ட நாளாக வாதம் உண்டு. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2012-இல் வேண்டாம் என்றது. 2018-இல் அதை மாற்றி, 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யட்டும் என்றது. எட்டு ஐரோப்பிய நாடுகளில் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை 23 வருடம் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் வரும் மரணம் 13 சதவீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகிறது. சின்ன எண்தான், ஆனாலும் அந்த ஒருவர் ஒரு வீட்டுக்கு அப்பா. உங்கள் அப்பாவின் வயதில் எடுத்தது சரிதான் என்பது என் எண்ணம்.

“யூரின் நல்லாத்தானே போகுது” என்று அவர் தட்டிக் கழிக்கலாம். வயதில் வருகிற வீக்கம் யூரின் பாதையைச் சுற்றி வளர்வதால் சீக்கிரமே தொந்தரவு தரும். புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. பாதையை அது அடைக்கும்போது, அல்லது எலும்பில் வலி வரும்போது, ஆரம்பக் கட்டம் தாண்டியிருக்கும். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடன் கடைசியாக பி.எஸ்.ஏ எடுத்தது 2014-இல் என்று அவருடைய அலுவலகம் சொன்னது. 2025 மே மாதம் நோய் தெரிந்தபோது கிளீசன் 9, எலும்புக்கும் பரவியிருந்தது. 70-க்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்பது பொது விதி. நல்ல திடமாக இருக்கிற 72 வயதுக்காரருக்கு அந்த விதியை அப்படியே பொருத்துவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்கள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பெரியப்பா, சித்தப்பா, தாத்தா யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்றும் வீட்டில் விசாரியுங்கள். அப்பாவுக்கு உறுதியானால் உங்களுக்கும் உங்கள் சகோதரர்களுக்கும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போது நீங்கள் 50 வரை காத்திருக்காமல் 45-லேயே முதல் பி.எஸ்.ஏ எடுப்பது பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.