மலத்தில் ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) என்று, அழற்சியை அடக்கும் மெசலசின் மாத்திரை எடுக்கிறார். மூன்று மாதமாக ரத்தப்போக்கு இல்லை. "குடல் பாக்டீரியா கெட்டதால் வந்த நோய், புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய கேப்ஸ்யூல்) போதும்" என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தலாமா? புரட்டாசியில் காய்ந்த பீன்ஸ் கறி, அமாசி (புளித்த பால்) சாப்பிடலாமா?
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: நிறுத்த வேண்டாம். ரத்தம் நின்ற பிறகும் குடல் சுவரில் அழற்சி புகைந்துகொண்டிருக்கலாம்.

பாக்டீரியா பற்றிச் சொல்வது பாதி சரி. பெருங்குடலின் உட்புறத்தைச் சளிப் படலம் இரண்டு அடுக்காக மூடியிருக்கிறது. வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். செல்களை ஒட்டிய அடுக்கில் ஏறக்குறைய நுழையவே மாட்டா. இந்த நோயில் அந்த அடுக்கு மெலிந்துவிடுவதால் பாக்டீரியா செல்களை நெருங்குகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் பாய்கிறது. அதில் சுவரும் சிதைகிறது, இன்னும் பாக்டீரியா உள்ளே வருகிறது. போதாக்குறைக்கு, நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தரும் பாக்டீரியா வகைகளும் குறைந்துபோகின்றன. பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவைக்கும் டி செல்களும் அதனால் பெருகும்.

ஆக, கேப்ஸ்யூலில் நாலு பாக்டீரியாவை அனுப்பினால் இந்தச் சுழற்சி அறுந்துவிடாது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் மெசலசினுக்கு இணையாக ஆய்வில் நின்றது ஈ.கோலை நிஸ்லே 1917 என்ற குறிப்பிட்ட ரகம். மருந்துக்கடைப் புரோபயாட்டிக் எல்லாவற்றுக்கும் அந்தப் பெருமையைக் கொடுத்துவிட முடியாது. அமாசி ஒத்துக்கொண்டால் குடிக்கட்டும். அது உணவு, மருந்து அல்ல.

நோய் அடங்கியிருக்கும்போது பீன்ஸ் நல்லது. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுங்கும் வரை வேகவையுங்கள். முதலில் நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி. வயிறு ஊதவில்லையென்றால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். மிளகாய்த்தூளில் மட்டும் கை தாராளமாக வேண்டாம். ரத்தம் மறுபடி தெரிந்தால் பீன்ஸை நிறுத்தி, குழைந்த சோறும் தோல் நீக்கிய பருப்பும் கொடுத்து மருத்துவரைப் பாருங்கள். விரதமானாலும் மாத்திரையை விடக்கூடாது.

குடல் ஆறியதா என்று பார்க்க மலத்தில் கால்ப்ரொடெக்டின் (அழற்சி இருந்தால் கூடும் புரதம்) பரிசோதனை கேளுங்கள். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி. 250-ஐத் தாண்டினால் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். மூட்டுவலிக்கென்று ஐபுப்ரோஃபென் போட்டால் இந்த எண் ஏறும், நோயும் கிளம்பக்கூடும், பாராசிட்டமால் போதும். மெசலசின் எடுப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பின்னால் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற, நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ஊசிக்குப் போக நேர்ந்தால், முதலில் காசநோய்ப் பரிசோதனை அவசியம். தென்னாப்பிரிக்காவில் காசநோய் பரவலாக இருப்பதால் இதில் சமரசமே கூடாது: உடலுக்குள் உறங்கும் கிருமியை அந்த ஊசி எழுப்பிவிடக்கூடும்.

ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம் போய், கூடவே காய்ச்சலோ 90-க்கு மேல் நாடித்துடிப்போ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.