கைவேலை நகை: வாங்கியவர்கள் கேட்ட கேள்விகள்

பெரிய கடைகளுக்குப் போகாமல், தனியாகப் பட்டறை வைத்துத் தாங்களே வடிவமைத்துச் செய்யும் நகைக் கலைஞர்களிடம் வாங்கியவர்கள் இந்த முறை நிறைய எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையில் ஒரு கலைஞரிடம் 7 கிராம் வெள்ளி மோதிரத்தை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் ஊர் நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளியின் விலை இதில் பாதிகூட வராது, நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறார்கள். அப்படியா? (திருச்சி வாசகி)

பதில்: ஏமாற்றவில்லை. நீங்கள் அனுப்பிய பில்லில் "925 வெள்ளி, 7.1 கிராம், கையால் செய்தது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். சொன்னதைத்தான் கொடுத்திருக்கிறார்.

ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தவள் நான். வெள்ளியோடு செம்பைச் சேர்த்து மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணம்) உருக்கி ஊற்றுகிறார்கள். அந்தக் கட்டியை உருளையில் கொடுத்து நீட்டி, ஓட்டைகள் போட்ட எஃகுத் தகட்டில் பெரிய ஓட்டையிலிருந்து சின்ன ஓட்டைக்கு ஒவ்வொன்றாக இழுக்கிறார்கள். இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துக்கொள்ளும். நெருப்பில் காட்டி இளக்கிவிட்டுத்தான் மறுபடி இழுக்க முடியும். அப்புறம் வளைத்து, இரண்டு முனைகளையும் இடைவெளி தெரியாமல் சேர்த்து, பற்றவைக்கும் பொடி வைத்து நெருப்பை ஊதி ஒட்ட வேண்டும். வெப்பம் கொஞ்சம் கூடினாலும் மோதிரமே உருகிப் போகும். அன்று என் கண் முன்னால் ஒன்று அப்படி உருகியது. அந்தப் பெண் எதுவும் பேசாமல் அதை மூசையில் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அரமும் உப்புத்தாளும் மெருகும் இதற்கெல்லாம் பிறகுதான்.

தங்கம் வாங்கும்போது சேதாரம் என்று விலையில் சதவீதம் போடுகிறார்கள். தங்கம் விலை ஏறினால் அந்தச் சேதாரமும் கூடவே ஏறுகிறது. வேலை அப்படியேதான் இருக்கிறது. அச்சில் வார்த்து நூறு நூறாக வரும் நகைக்கும் அதைக் கட்டுகிறோம், வாயைத் திறப்பதில்லை. ஒரு கலைஞர் தன் உழைப்புக்கு நேரடியாக ஒரு விலை சொன்னால் மட்டும் தராசை எடுத்துக்கொண்டு வருகிறோம். பல வருடங்களாக என்னைப் புண்படுத்தும் விஷயம் இது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பி விற்றால் உலோகத்தின் விலைதான் கிடைக்கும். முதலீட்டுக்கு என்றால் இதை வாங்க வேண்டாம். போட்டுக்கொள்ளத்தான் என்றால் சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: "ஹேண்ட்மேட் 925 வெள்ளி ஜிமிக்கி, ஜோடி 299 ரூபாய், இன்று மட்டும்" என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: நகையில் 925 முத்திரை இருந்தால் போதுமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: போதாது. அந்த மூன்று எண்களைக் குத்தும் அச்சை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு தோடு வாங்கினேன். பின்னால் 925 என்று அழகாகக் குத்தியிருந்தது. "நானே செய்தது" என்று விற்றவர் சொன்னார். மூன்றாவது மாதம் திருகாணி போடும் இடத்தில் மஞ்சள் தெரிந்தது. பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் ஓரத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினார். உள்ளே முழுக்கப் பித்தளை. பில் இல்லாததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. அதை உறுதிப்படுத்துவது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) ஹால்மார்க். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி ஹால்மார்க்கிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் வருகிறது. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் தங்கத்துக்கு இருப்பதுபோல் வெள்ளிக்கு இதைக் கட்டாயமாக்கவில்லை, அதனால் நேர்மையான சிறு கலைஞர்கள் பலரிடம் ஹால்மார்க் இருக்காது. அப்படிப்பட்டவரிடம் உலோகம், தரம், எடை மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையாகச் செய்கிறவர் தயங்க மாட்டார். சந்தேகம் இருந்தால் டச் பார்க்கும், அதாவது உலோகத்தின் தரத்தை இயந்திரத்தில் சோதிக்கும் இடத்தில் காட்டலாம். இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கும், முலாம் கனமாக இருந்தால் ஏமாந்துபோகும். கண்ணில் படாத ஓரத்தில் லேசாக ராவிப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

கேள்வி: 'ஜெர்மன் சில்வர்' கம்மல் போட்டு மகளுக்குக் காது புண்ணாகிவிட்டது. வெள்ளி சேருவதில்லையோ? (திருநெல்வேலி வாசகி)

பதில்: அதில் வெள்ளியே கிடையாது அம்மா. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. நிக்கல் பலருக்கு ஒவ்வாது, அரிப்பும் புண்ணும் வரும். கம்மலைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இனி நிக்கல் கலக்காதது என்று எழுதித் தருகிறவரிடம் வாங்குங்கள். வெள்ளி என்று நம்பவைத்து அந்தப் பெயரில் விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

கேள்வி: ஆக்சிடைஸ்டு வெள்ளி ஆரத்தைப் பளபளப்பாக்க, கடையில் கிடைக்கும் டிப் திரவத்தில் முக்கி எடுத்தேன். கறுப்பு வேலைப்பாடு முழுக்கப் போய்விட்டது. செய்தவர் மாற்றித்தர மறுக்கிறார். புகார் செய்யலாமா? (மதுரை வாசகர்)

பதில்: எந்த அடிப்படையில் புகார்? கந்தகச் சேர்மம் போட்டு வேண்டுமென்றே கறுக்க வைத்த வேலை அது. அந்தக் கறுப்பை எடுப்பதற்கென்றே விற்கிற திரவம் உங்கள் கையில் இருந்தது. அவர் கொடுத்த அட்டையில் "ஈரத்துணியால் மட்டும் துடைக்கவும்" என்று இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூலி கொடுத்து மறுபடி கறுக்கவைத்துத் தரும்படி கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள்.

கேள்வி: மகள் பெயரை நானே தப்பான எழுத்தில் அனுப்பிவிட்டேன், செயின் அப்படியே வந்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஈரோடு வாசகி)

பதில்: கிடைக்காது. சொந்த மகளின் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: நவராத்திரிக்கு 1,400 ரூபாய்க்கு டெரகோட்டா செட் வாங்கினேன். வியர்வை பட்டதும் சாயம் கழுத்தில் இறங்கியது, ஜிமிக்கியின் விளிம்பு சேறுபோல் கரைகிறது. விற்றவர், "பில்லும் கிடையாது, ரிட்டர்னும் கிடையாது" என்கிறார். (கோவை வாசகி)

பதில்: உங்களுக்கு நடந்தது அநியாயம். சூளையில் சரியாகச் சுட்ட மண் தண்ணீரில் கரையாது. கரைகிறது என்றால் காயவைத்த மண்ணுக்கு வர்ணம் பூசி டெரகோட்டா என்று விற்றிருக்கிறார்கள். நன்றாகச் சுட்டதைச் சுண்டினால் கணீரென்று கேட்கும், சுடாதது மொத்தென்று இருக்கும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே முறையற்ற வணிக நடைமுறைதான். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதில் சேரும். திருப்பித் தருவதற்குப் பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. பணம் அனுப்பிய விவரம், அவர் பேசிய செய்திகள், கரைந்த ஜிமிக்கியின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1,400 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வளையலுக்கு 3,500 ரூபாய் அனுப்பியதும் இன்ஸ்டாகிராம் பக்கம் என்னை பிளாக் செய்துவிட்டது. நேற்றுதான் நடந்தது. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: உங்களுக்குத் தனியாகவே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்: உடனே 1930, சைபர் மோசடிப் புகார் எண். அடுத்தது வங்கி. நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கஷ்டம். ஏமாந்ததற்கு வெட்கப்பட வேண்டாம்.

கேள்வி: கல்யாண மாலைப் பூவை ரெசினில் (கண்ணாடிபோல் இறுகும் செயற்கைப் பிசின்) பதித்து லாக்கெட் செய்யலாமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: செய்யலாம். பூவை எப்படிக் காயவைப்பார் என்று முதலில் கேளுங்கள். ஈரம் மிச்சம் இருந்தால் உள்ளேயே பழுப்பாகிவிடும். என் அம்மா கடைசியாகத் தலையில் வைத்திருந்த மல்லிகையை இதைக் கேட்காமல் ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கறுத்துவிட்டது, திருப்பி எடுக்க வழியில்லை. பூ எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் வீட்டில் வையுங்கள். லாக்கெட்டை வெயிலில் வைக்காதீர்கள், ரெசின் மஞ்சளாகும்.

கேள்வி: நான் வாங்குகிறவள் இல்லை, செய்கிறவள். என் தோடு வடிவத்தை ஒரு மொத்த வியாபாரி அச்செடுத்து நூற்றுக்கணக்கில் விற்கிறார். (புதுச்சேரி)

பதில்: படிக்கவே வேதனையாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் 10 வருடமும் நீட்டித்தால் இன்னும் 5 வருடமும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வடிவம் புதிதாக இருக்க வேண்டும். படத்தை வெளியிட்டபின் விண்ணப்பித்தால் புதியது என்று சொல்ல முடியாது. பதிவு செய்யாமல் அச்சில் ஐம்பது பிரதிக்கு மேல் செய்தால் பதிப்புரிமையும் (காப்பிரைட்) போய்விடும். இந்தத் தோட்டை நீங்கள் ஒவ்வொன்றாகக் கையால் செய்தீர்களா, வார்ப்பில் எடுத்தீர்களா, எத்தனை செய்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி, வரைந்த தாள்களையும் எடுத்துக்கொண்டு அறிவுசார் சொத்து வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அடுத்த வடிவத்தைப் படம் போடுவதற்கு முன் பதிவுக்கு அனுப்பிவிடுங்கள்.