கோபக்காரருக்கும் ஒரு புனிதர்

கேள்வி: அன்புள்ள அக்கா, காலையில் நாசி லெமாக் கடை போடுகிறேன். வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. மகனுக்குப் பதினான்கு வயது, எதற்கெடுத்தாலும் அவன்மேல்தான் எரிந்து விழுகிறேன். போன வாரம் கடையில் ஆட்கள் பசியாறிக்கொண்டிருக்கும்போதே சத்தம் போட்டுவிட்டேன். அவன் சம்பல் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். ஒவ்வொரு முறையும் குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், மறுபடியும் அதே கதைதான். புனிதர்களைப் பார்த்து நடக்கச் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் பிறவியிலேயே நல்லவர்கள். நான் எப்படி மாறுவது?
- ஒரு வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: தங்கச்சி, பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கிறாய், எங்கள் வாயில் இன்னும் அதன் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிறவியிலேயே நல்லவர்கள் என்று யார் சொன்னது? சாந்தத்துக்கே பேர்போன புனித பிரான்சிஸ் சலேசியாரை எடுத்துக்கொள். 1567-இல் சவோய் நாட்டில், பிரபு குடும்பத்தில் பிறந்தவர், 1602-இல் ஜெனீவாவின் ஆயர் ஆனவர். ஆனால் இயல்பிலேயே சட்டென்று சூடாகிற ஆள். ஒருமுறை ஒருவன் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியபோது பேசாமல் நின்றாராம். ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று கேட்டவர்களிடம், இருபது வருஷத்துக்கு மேலாகப் பனித்துளி போலச் சேர்த்த கொஞ்சம் சாந்தத்தைக் கால் மணி நேரத்தில் கொட்டிவிடுவதா என்றாராம்.

இதைப் படித்தபோது எனக்கு ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்குதான் ஞாபகம் வந்தது. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அம்மா விடியுமுன் மரம் சீவப் போகும்போது நானும் பின்னாலேயே போவேன். கோட்டில் வழிந்து வந்து மங்கில் சொட்டுச் சொட்டாக விழும், நின்று பார்த்தால் ஏறுகிற மாதிரியே தெரியாது. நடுவில் ஒரு மழை பிடித்தால் அன்றைய பால் வீண், அதற்காக மறுநாள் அம்மா வெட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. இருபது வருஷம் என்று அந்த ஆயர் சொன்னதில் எத்தனை நாள் மழை பெய்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அவர் 1609-இல் வெளியிட்ட நூல் ஒன்று உண்டு, சொந்தக்காரக் குடும்பத்தில் திருமணமான ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து வளர்ந்தது. பக்தி என்றால் மடத்துக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த காலத்தில், குடும்பத்தோடு, வேலை வெட்டியோடு வாழ்கிறவர்களுக்கென்றே அதை எழுதினார். தொழிலாளி துறவியைப் போல நாள் முழுக்கக் கோவிலிலேயே கிடந்தால் அது சரியான பக்தியா என்று அதில் கேட்கிறார். உன் கடைக்கும் அது பொருந்தும்.

கோபத்தைப் பற்றி அதில் அவர் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம்: கோபப்பட்டுவிட்டோம் என்று தெரிந்த உடனே, யாரிடம் கோபப்பட்டோமோ அதே ஆளிடம் கனிவாக ஒன்றைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் புதுக் காயம்தான் சீக்கிரம் ஆறும். நீ பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறாய், நல்லதுதான், விட்டுவிடாதே. ஆனால் அந்தப் பிள்ளையிடம் போனாயா? உன் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

நான் போகவில்லை, அதனால் கேட்கிறேன். ஒரு கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், முறுக்கு மாவில் தண்ணீர் கூடிப்போனதற்காக என் மகளை அக்கம்பக்கத்தார் முன்னால் திட்டித் தீர்த்தேன். அன்று ராத்திரி பூசையில் அழுதேன், ஆனால் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. இன்றைக்கும் மாவு பிசைந்தால் பாத்திரத்தை என் முன்னால் நீட்டி, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உரலில் போடுகிறாள்.

அப்புறம் இன்னொன்று. நான் ஒரு மோசமான அம்மா என்று உன்னையே நீ ஏசிக்கொள்வதையும் சலேசியார் விடச் சொல்கிறார், அதுவும் கோபம்தான், உள்ளே திரும்பிய கோபம். விழுந்த மனசிடம், சரி, விழுந்துவிட்டோம், எழுந்திரு என்று பரிவாகப் பேசச் சொல்கிறார். இன்று மகன் டியூஷன் முடிந்து வந்ததும் ஒரு மைலோ கலக்கிக் கொடு. "அன்னிக்கு ஆளுங்க முன்னால அம்மா அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுய்யா" என்று மட்டும் சொல். "நீயும்தான்..." என்று தொடங்கிவிடாதே, அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் கெட்டுவிடும். அவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்து குடித்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

கேள்வி: என் பேத்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்கு ஞானோபதேசம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அவளுக்கென்று ஒரு புனிதர் உண்டா?
- ஒரு பாட்டி, தஞ்சோங் மாலிம்

பதில்: உண்டு பாட்டி, மேலே சொன்ன அதே சலேசியார்தான். மார்ட்டின் என்ற காது கேளாத, வாய் பேசாத இளைஞனை அவர் சந்தித்தார். இவனுக்கு எங்கே புரியப் போகிறது என்று யாரிடமும் தள்ளிவிடாமல், சைகைகளாலேயே தாமே உட்கார்ந்து மறையைச் சொல்லிக் கொடுத்து நற்கருணையும் வழங்கினார், பிறகு தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். ஓர் ஆயருக்கு எத்தனை வேலை இருந்திருக்கும்! அவருடைய திருநாள் ஜனவரி 24. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம், சிலுவை அடையாளத்திலிருந்தே தொடங்குங்கள், அதற்குக் கை போதும். பேத்தி வீட்டில் பயன்படுத்தும் சைகைகளை முதலில் அவளிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.