கேட்காமல் வரும் நன்கொடைக் கடிதங்கள்

கேள்வி: ஓர் அரசியல் பரப்புரை அமைப்பிடமிருந்து நன்கொடை கேட்டு மாதம் இரண்டு கடிதங்களாவது எனக்கு வருகின்றன. அவர்களுக்கு நான் ஒரு காசும் கொடுத்ததில்லை. அவர்களுடைய கொள்கை என் கருத்துக்கு நேர் எதிரானது. என் பெயரை எழுத்துப்பிழையோடு அச்சிட்டு, ‘எங்கள் அன்பு ஆதரவாளரே’ என்று வேறு அழைக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பதில் உறையிலேயே, ‘இனி அனுப்பாதீர்கள்’ என்று இரண்டு முறை எழுதிப் போட்டும் நிற்கவில்லை. என்னை உறுப்பினராகவே சேர்த்துவிட்டார்களோ?

பதில்: அந்தக் கவலை வேண்டாம். ‘ஆதரவாளர்’ என்பது அச்சு இயந்திரம் எல்லோருக்கும் தாராளமாக வழங்கும் பட்டம். உங்கள் பெயரில் உள்ள எழுத்துப்பிழைதான் இங்கே நல்ல துப்பு. பத்திரிகைச் சந்தா, அறநிறுவனத்துக்குக் கொடுத்த நன்கொடை, எப்போதோ கையெழுத்திட்ட ஒரு மனு ஆகியவற்றில் எதிலாவது இதே பிழை இருந்ததா என்று பாருங்கள். முகவரிப் பட்டியல்களை வாடகைக்கு விடுவதும் அமைப்புகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதும் பழைய வழக்கம். வாடகைப் பட்டியலைப் பெரும்பாலும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அதை மீறுகிறவர்களைக் கண்டுபிடிக்க, உரிமையாளர்கள் சில போலிப் பெயர்களைப் பட்டியலுக்குள் ஒளித்துவைப்பார்கள். ஆனால் நீங்கள் ஒரு சிறு தொகை அனுப்பிவிட்டால், அன்று முதல் உங்கள் பெயர் வாடகைப் பெயர் அல்ல, அவர்களுடைய சொந்தச் சொத்து. ‘கொஞ்சம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்’ என்று நண்பர்கள் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூடவே வரும் ‘கருத்துக் கணிப்பு’ப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம், அது பெரும்பாலும் கணிப்பு வேடத்தில் வரும் வசூல்தான்.

நீங்கள் எழுதியது ஏன் எடுபடவில்லை என்றால், அந்தப் பதில் உறை பல நேரங்களில் அமைப்பின் அலுவலகத்துக்கே போவதில்லை. பணத்தைப் பிரித்துக் கணக்கில் ஏற்றும் ஒரு நிறுவனத்துக்குப் போகிறது. அங்கே உறையைத் திறப்பவர் தேடுவது காசோலையைத்தான், உங்கள் கோபத்தை அல்ல. ஆகவே அமைப்பின் தலைமை அலுவலகத்துக்கே, முகவரிப் பட்டியலைக் கவனிப்பவர் பெயருக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். வந்த கடிதத்தின் முகவரிச் சீட்டையும் கத்தரித்து இணையுங்கள். பெயருக்கு மேலோ பக்கத்திலோ உள்ள எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடு, உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். அந்த மூலத்தை உங்களுக்கும் தெரிவிக்கும்படி கேளுங்கள். ஊற்றுக்கண் தெரிந்தால் அங்கேயும் எழுதி அடைத்துவிடலாம்.

கடிதத்தில் ‘என் பெயரை நீக்குங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முழுவதும் நீக்கிவிட்டால், அடுத்த மாதம் வாடகைக்கு எடுக்கும் பட்டியலில் நீங்கள் புது ஆளாகத் திரும்பி வருவீர்கள். ‘அனுப்பக் கூடாதவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்து வையுங்கள், வேறு யாருக்கும் அதைக் கொடுக்காதீர்கள்’ என்று எழுதுங்கள். பிழையான பெயர், சரியான பெயர் இரண்டையும் குறிப்பிடுங்கள். கணினிக்கு இருவரும் வெவ்வேறு ஆட்கள். உறைகள் பல வாரங்களுக்கு முன்பே அச்சாகிவிடுவதால், அதன் பிறகும் இரண்டொரு கடிதங்கள் வரக்கூடும். அதற்காக மறுபடியும் சண்டைக்குப் போக வேண்டாம்.

சட்டத்தின் துணை, நீங்கள் வாழும் நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 21ஆம் பிரிவின்படி, நேரடி விளம்பரத்துக்குத் தம் விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அனுப்புபவர் நிறுத்தியே ஆக வேண்டும். அமெரிக்காவில் வேண்டாத மின்னஞ்சலுக்கு எதிரான 2003ஆம் ஆண்டுச் சட்டம் வணிக மின்னஞ்சலைத்தான் கட்டுப்படுத்துகிறது, அரசியல் மின்னஞ்சலை அல்ல. தொலைபேசி அழைப்புகளைத் தடுக்கும் தேசியப் பதிவேட்டிலும் அரசியல் அழைப்புகளுக்கு விலக்கு உண்டு. சட்டம் எழுதுகிறவர்கள் தங்களுக்கென ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னால் அது குறும்பாகத் தோன்றலாம்.

எழுதிய கடிதத்தின் நகலையும் அனுப்பிய தேதியையும் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் கடிதம் வந்தால், அந்த நகலோடு இரண்டாம் கடிதத்தை அமைப்பின் தலைவருக்கே அனுப்புங்கள். அவர் பெயர் நன்கொடை வேண்டுகோளின் அடியில், பெரிய கையெழுத்தோடு இருக்கும்.