பெரிய மலையருகே ஒரு சிற்றூர்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

நான் தலவாக்கலைப் பகுதியில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் தன் குடும்பத்துடன் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் இருக்கிறாள். வருகிற பெப்ரவரியில் என்னையும் கணவரையும் அழைத்து, ஒரு வாரம் பனிமலையில் தங்கலாம் என்கிறார்கள். மருமகன் பனிச்சறுக்கில் நல்ல பழக்கமுள்ளவர். அவருக்கு செர்மாட் வேண்டும். மகளுக்குக் கிம்மெல்வால்ட் என்ற மிகச் சிறிய கிராமத்தின் மேல் ஆசை. செர்மாட்டில் வாடகை அதிகம் என்பதால், அதற்குக் கீழே உள்ள டேஷ் என்ற ஊரில் தங்கி ரயிலில் போய்வரலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. பேரப்பிள்ளைகள் இருவரும் இனித்தான் பழகப் போகிறார்கள். நாங்கள் இருவரும் சறுக்கப் போவதில்லை. கணவருக்கு முழங்கால் நோவு. சனநெரிசல் எனக்கு ஒத்துவராது. ஆனால் அமைதியை நம்பிப் போய், எல்லாவற்றுக்கும் அலைய வேண்டிய இடத்தில் அகப்பட்டுக்கொள்வோமோ என்றும் பயமாக இருக்கிறது. அந்தப் பக்கங்களில் தங்கி எழுதியவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகி, தலவாக்கலை

அன்பின் ஆசிரியை அவர்களுக்கு,

சிற்றூரில் தங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று இடங்களில் எதுவும் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காரணம் தெரிந்தால், நான் சொல்லும் ஊரில் வீடு கிடைக்காமற் போனாலும் வேறோர் ஊரை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

பெரிய இடத்துக்கு அருகே சிறிய இடத்தில் தங்குவது நம் மலையகத்தாருக்குப் புதிதன்று. எல்லவின் கடைத்தெருவில் இரவு முழுதும் ஓயாத பாட்டுச் சத்தத்தைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் தெமோதரையிலோ ஹப்புத்தளையிலோ தங்குகிறார்கள். இரண்டும் ஒரே புகையிரதப் பாதையில் உள்ளவைதாம். தெமோதரையில் தங்குகிறவர் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்தே போய்விடலாம். ஹப்புத்தளையில் தங்குகிறவர் புகையிரத நேரத்துக்குக் கட்டுப்பட்டவர், மாலை வண்டியைத் தவறவிட்டால் முச்சக்கரவண்டிக்காரர் கேட்கும் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஹப்புத்தளைக்குத் தனக்கென்று ஒரு மலை விளிம்பும், லிப்டன் ஆசனத்துக்குப் போகும் தோட்டப் பாதையும் இருக்கின்றன. எல்லவுக்குப் போகாத நாளும் அங்கே வீணாவதில்லை. பனிமலை ஊர்களையும் இந்த இரண்டு கேள்விகளால்தான் அளக்க வேண்டும்: பெரிய மலைக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு எத்தகையது, அங்கே போகாத நாளில் இந்த ஊரிடம் என்ன இருக்கிறது. தூரத்தைக் கிலோமீற்றரில் பார்த்து ஏமாறுகிறவர்களே அதிகம்.

டேஷை எடுத்துக்கொள்ளுங்கள். செர்மாட்டுக்குள் பொதுமக்களின் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே காரில் வருகிறவர்கள் எல்லோரும் ஐந்து கிலோமீற்றர் கீழே டேஷில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார்கள்; பன்னிரண்டு நிமிடப் பயணம், வண்டிகளும் அடிக்கடி ஓடுகின்றன. முதற் கேள்விக்கு டேஷ் நன்றாகவே விடை சொல்கிறது. இரண்டாவதில்தான் தோற்கிறது. அது பள்ளத்தாக்கின் அடித்தளம். சறுக்குவோரை மலைமேல் ஏற்றிச் செல்லும் செர்மாட்டின் லிப்ட் எதுவும் அங்கிருந்து புறப்படுவதில்லை, 4,478 மீற்றர் உயர மாட்டர்ஹோர்ன் சிகரமும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. காலையில் போய் இருட்டியபின் திரும்பும் இளைஞர் கூட்டத்துக்கு அது போதும். பகல் முழுவதும் ஊரில் இருக்கப் போகிற உங்களுக்கு அது பெரிய வாகனத் தரிப்பிடத்தின் பக்கத்தில் ஒரு வாரம் காத்திருப்பதாகவே முடியும். அமைதியான ஊர் வேறு, எல்லோரும் வெளியே போய்விட்டதால் ஆளற்றுக் கிடக்கும் ஊர் வேறு.

செர்மாட்டின் அழகைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. ஏறத்தாழ 3,900 மீற்றர் வரை லிப்டில் ஏறி, எல்லை கடந்து இத்தாலியின் செர்வினியா வரை சறுக்கிப் போய் வரலாம். உங்கள் மருமகன் ஆசைப்படுவதில் வியப்பில்லை. ஆனால் பெப்ரவரி என்பது ஐரோப்பாவின் பல பகுதிகளில் பாடசாலைக் குளிர்கால விடுமுறை விழும் மாதம். நீங்கள் தவிர்க்க நினைக்கும் நெரிசலும், அதற்கேற்ற வாடகையும் அந்த வாரங்களில்தான் உச்சத்தில் இருக்கும்.

இனி மகளின் கிம்மெல்வால்ட். அவளுடைய ரசனையை நான் மிகவும் மதிக்கிறேன். யுங்பிராவ் மலைத்தொகுதியில், லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவரின் மேல், கார் போகாத, கேபிள் காரில் மட்டுமே எளிதாகப் போய்ச் சேரக்கூடிய உழவர் கிராமம் அது. நூற்றுச் சொச்சம் பேரே வாழ்கிறார்கள். மரவீடுகளும் மாட்டுத் தொழுவங்களும் எதிரே பாறைச் சுவருமாக இருக்கும் அந்த இடத்தில் நின்றால் பேசவே மனம் வராது. ஆனால் அதன் பாதைகள் சரிவானவை. இரவில் உறைந்துவிட்டால் நோவுள்ள முழங்காலுக்கு அவை ஆபத்து. சாமான் வாங்குவதற்குப் பெரிய கடை இல்லை. பிள்ளைகள் பழகுவதற்குப் பக்கத்து மியூரனுக்குத்தான் போக வேண்டும். இன்னும் ஒன்று உண்டு. வரைபடத்தில் பார்த்தால் கிரின்டல்வால்ட், வெங்கன், மியூரன், கிம்மெல்வால்ட் ஆகிய ஊர்கள் எல்லாம் ஒரே கைக்குள் அடங்கிவிடுவது போலத் தோன்றும். உண்மையில் வெங்கனும் மியூரனும் அந்த ஆழ்ந்த பள்ளத்தாக்கின் இரு கரைகள். கிழக்குக் கரையில் உள்ள பெரிய சறுக்குப் பகுதிக்கு மேற்குக் கரையிலிருந்து போக வேண்டுமானால், கேபிள் காரில் பள்ளத்தாக்குக்கு இறங்கி, லவுட்டர்புருன்னனுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ரயிலில் மலையேற வேண்டும். கண்ணெதிரே தெரியும் மலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேற்குக் கரைக்கென்று 2,970 மீற்றர் உயர ஷில்ட்ஹோர்னில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் சறுக்குப் பாதைகள் உள்ளன. பல இடங்களில் செங்குத்தான அந்தப் பாதைகள் உங்கள் மருமகனுக்குப் பிடிக்கும், பேரப்பிள்ளைகளுக்கு அல்ல.

ஆகவே நான் சொல்வது வெங்கன். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும், கார் போகாத ஊர். லவுட்டர்புருன்னனிலிருந்து பற்சக்கர ரயிலில் கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். 1893 முதல் ஓடும் ரயில் அது. நம்மவர்கள் தெமோதரையில் பாதையைச் சுற்றி வளைத்துத் தன்னடியிலேயே சுரங்கத்தில் செலுத்தி உயரத்தைச் சமாளித்தார்கள். அவர்கள் தண்டவாளங்களின் நடுவே பற்களைப் பதித்து நேராகவே ஏறினார்கள். புவியியல் கற்பித்த உங்களுக்கு அந்தப் பயணமே ஒரு நாள் பேச்சுக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

வெங்கனின் சிறப்பு, சிறியதாக இருந்துகொண்டே பெரிய பகுதியின் உள்ளே இருப்பது. ஊர் நடுவிலிருந்து மென்லிகன் மலைக்குக் கேபிள் கார் போகிறது. ரயில் கிளைன ஷைடெக் கணவாய்க்கு, 2,061 மீற்றருக்கு, ஏறுகிறது. அந்த இரண்டு இடங்களிலிருந்தும் கிரின்டல்வால்ட் பக்கம் வரை சறுக்கிப் போய்வரலாம். மருமகனுக்கு இது போதும். குழந்தைகள் பழகும் சரிவு ஊரின் நடுவிலேயே இருப்பதால், பேரப்பிள்ளைகள் விழுந்து எழுவதை நீங்கள் ஓரமாக நின்று பார்க்கலாம்; சறுக்காத தாத்தா பாட்டிக்கு இதைவிட நல்ல பொழுது ஒரு பனிமலை ஊரில் கிடைப்பது அரிது. கடைத்தெரு ஓரளவு சமதளம். பல்பொருள் அங்காடியும் உண்டு. சமையலறையுள்ள வீட்டையே வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். அரிசியும் தூளும் பேர்னிலிருந்து கொண்டுபோனால் உணவகச் செலவு பெருமளவு மிச்சமாகும். இத்தகைய வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை முழு வாரத்துக்கே கொடுப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்கனுக்கு ஒரு குறையும் உண்டு. அதன் உயரம் 1,274 மீற்றர்தான். செர்மாட் 1,608, மியூரன் 1,638. (நம் நுவரெலியா 1,868 மீற்றர், இவை எல்லாவற்றையும்விட உயரம், ஆனாலும் நிலநடுக்கோட்டுக்கு அருகே ஏழாம் பாகையில் இருப்பதால், தைமாதக் காலையில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியோடு நின்றுவிடுகிறது. இதை உங்கள் மாணவர்களுக்கு எத்தனை முறை விளக்கியிருப்பீர்களோ!) உயரம் குறையக் குறைய, பனியாக விழ வேண்டியது மழையாக விழும் வாய்ப்புக் கூடுகிறது. ஆல்ப்ஸில் தாழ்வான இடங்களில் இருந்த சிறிய சறுக்குத் தலங்கள் பல, பனி குறைந்துபோய் லிப்டுகளை நிறுத்திவிட்டன. தனித்து நிற்கும் தாழ்வான சிற்றூரைப் பெப்ரவரிக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்வதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான். பெரிய, உயர்ந்த பகுதியோடு இணைந்த சிற்றூரில் இந்த அச்சம் குறைவு: ஊருக்குள் பனி கரைந்து சேறானாலும், ரயிலில் ஏறிக் கிளைன ஷைடெக்கில் இறங்கினால் பனி இருக்கும்; பிள்ளைகளின் வகுப்பும் மேலே நடக்கும்.

வெங்கனில் வீடு கிடைக்காவிட்டால் என்ன செய்வது? வேறு நாடுகளிலும் இதே அமைப்புள்ள ஊர்கள் உண்டு. பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குப் பகுதியில் வால் தோரன்ஸ், கூர்ஷவெல் என்று பெரும் தலங்கள் இருக்க, சென் மார்த்தன் த பெல்வில் என்ற பழைய கல்வீட்டுக் கிராமத்திலிருந்தே லிப்டில் ஏறி அந்த முழுப் பரப்புக்கும் போகலாம். ஒஸ்ட்ரியாவில் பெரிய சறுக்குத் தலமான சென் அன்டனுக்குப் பக்கத்தில் ஷ்டூபென் இருக்கிறது. பனிச்சறுக்குப் பயிற்சிக்கு முறையான வடிவம் தந்த ஹன்னஸ் ஷ்னைடர் 1890இல் பிறந்த சிற்றூர் அது. வேறு வகை ஊர்களும் அந்நாட்டில் உள்ளன. பெரும் லிப்டுகளும் பெரும் ஹோட்டல்களும் வேண்டாம் என்ற கொள்கையுடைய மலையேற்றக் கிராமங்களை ஒஸ்ட்ரிய மலையேற்றச் சங்கம் ஓர் அணியாகச் சேர்த்திருக்கிறது. பெரிய சறுக்குத் தலமான சோல்டனுக்கு மேலே உள்ள வென்ட் அவற்றுள் ஒன்று. அந்த ஊர்களின் அமைதி தானாக வாய்த்ததன்று; ஊரார் கூடிக் காத்துக்கொண்டது. எல்ல இன்றிருக்கும் நிலையைப் பார்க்கும்போது, நம் ஹப்புத்தளையிலும் இதல்கஸ்ஹின்னையிலும் தோட்டத்து மக்களையும் கூட்டி யாராவது இப்படிப் பேசத் தொடங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். மருமகனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மேல் லிப்டுகள் பெப்ரவரியில் பிற்பகல் நான்கு, நாலரைக்கெல்லாம் நின்றுவிடும். கிரின்டல்வால்ட் பக்கம் சறுக்கிக்கொண்டிருப்பவர் திரும்பும் கடைசி லிப்டைத் தவறவிட்டால், ரயிலில் பள்ளத்தாக்கைச் சுற்றி வெங்கனுக்கு வர வேண்டும். அங்கே ரயில் உண்டு. அதனால் இரவு உணவுக்குள் வீடு வந்துவிடுவார். ரயில் இல்லாத பிரெஞ்சுப் பள்ளத்தாக்குகளில் அதே தவறுக்கு, மலையைச் சுற்றி நெடுந்தூரம் டாக்சிக் கூலி கொடுக்க நேரிடும். வேறு எந்த ஊரைத் தேர்ந்தாலும் கடைசி லிப்ட், கடைசி பஸ், கடைசி ரயில் ஆகிய மூன்று நேரங்களையும் பார்த்த பின்பே பணம் கட்டச் சொல்லுங்கள்.

மகளுக்கு வருத்தம் வேண்டாம். வானம் தெளிந்த ஒரு நாளில் எல்லோருமாக மியூரனுக்குப் போங்கள். கேபிள் காரில் ஏறியபின், மலை விளிம்பில் சமமாக ஓடும் சிறு ரயில் ஒன்று அங்கே கொண்டுபோய் விடும். நீங்களும் கணவரும் ஐகர், மோன்ஷ், யுங்பிராவ் மூன்று சிகரங்களையும் எதிரே பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், மகள் கிம்மெல்வால்டுக்கு இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டும். ஜனவரியில் போகாதது நல்லது. வெங்கனில் லவுபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் பந்தயமும், மியூரனில் 1928இல் தொடங்கிய இன்பெர்னோ பந்தயமும் அந்த மாதத்தில்தான் நடக்கும், அந்நாட்களில் எந்தக் கரையிலும் அமைதி கிடையாது.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: சுற்றுலா வருவோருக்கு ஒரு மாதம் செல்லுபடியாகும் அரைக் கட்டண அட்டை அங்கே உண்டு, இத்தனை மலை ரயில்களில் ஏறப்போகிற உங்களுக்கு அது கட்டாயம் பயன்படும். காலணியின் மேல் மாட்டும் இரும்பு முள் பட்டி இரண்டு சோடி, உங்களுக்கும் கணவருக்கும், பேர்னிலேயே வாங்கிவிடுங்கள். யுங்பிராவ்யோக் வரை ரயிலில் போக எண்ணம் இருந்தால், அந்த நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையைவிட ஏறத்தாழ 930 மீற்றர் கூடுதல். கணவருக்கு இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால், இங்கிருந்து புறப்படும் முன்பே வைத்தியரிடம் அந்த உயரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து