கஃபீனைப் பிரிக்கும் கரியமில வாயு

கேள்வி: கஃபீன் நீக்கிய காபியைக் கரியமில வாயுவைக் கொண்டு தயாரிப்பதாகப் படித்தேன். சோடாவில் நுரைக்கும் வாயு எப்படிக் கரைப்பானாகும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சுமார் 31 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையையும் 73 வளிமண்டல அழுத்தத்தையும் ஒருசேரத் தாண்டும்போது, கரியமில வாயுவானது, வாயுவைப் போல் நுண்துளைகளில் ஊடுருவவும் திரவத்தைப் போல் பொருள்களைக் கரைக்கவும் வல்ல ‘மாறுநிலை கடந்த பாய்மம்’ ஆகிவிடுகிறது. அந்த வெப்பநிலையைத் தங்கள் தண்டையார்பேட்டை மதிய வெயிலே தந்துவிடும். அழுத்தத்துக்குத்தான் தடித்த எஃகுக் கலன் வேண்டும். ஆலைகளில் இரண்டையும் இன்னும் உயர்த்தி, வறுப்பதற்கு முன் ஈரமாக்கிய காபிக்கொட்டைகளினூடே இதனைச் செலுத்துகையில், சுவைக்குரிய பொருள்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கஃபீனைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் வாயுவாகிப் பிரிந்துவிடுவதால், கரைப்பானின் எச்சம் உணவில் தங்குவதில்லை. இதன் பெரிய அனுகூலம் இதுவே என்பேன். மருந்து ஆய்வகங்களில், ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமாக அமைந்த மூலக்கூறுகளைப் பிரித்தறியும் நிறப்பகுப்பியல் (குரோமட்டோகிராபி) என்னும் பிரிப்பு முறைக்கும் இது பயன்படுகிறது.